மகளின் சித்திர மேசையைத் தொடுவதற்கு முன்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விறாந்தை யன்னலுக்குக் கீழே அவளுக்கென்று ஒரு பழைய மேசை. வரைவது, வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் அதில்தான். இப்போது மேசைப் பலகையே தெரியாத அளவுக்குக் கடதாசி, போத்தல் மூடி, நூல், காய்ந்த பசை. விடுமுறைக்கு அக்கரைப்பற்றில் இருக்கும் அம்மம்மா வீட்டுக்கு மூன்று நாள் போகப்போகிறாள். அதற்குள் எல்லாவற்றையும் துப்பரவாக்கி அடுக்கி வைத்தால், திரும்பி வரும்போது அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும். அடுத்த மாதம் அவளுடைய அப்பாவும் கட்டாரிலிருந்து வருகிறார். எப்படிச் செய்வது நல்லது என்பது கேள்வி.

தங்கச்சி, நல்ல நினைப்பு. செய்யுங்கள். ஆனால் அந்த மூன்று நாளில் எதையும் எறியாதீர்கள். மீதியை வாசிக்க நேரம் கிடைக்காவிட்டாலும் இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம், நான் எறிந்தவள். மட்டக்களப்பில் இருபத்தெட்டு வருடம் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தேன். ஒரு முறை மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று சொன்னார்கள். முந்தின நாள் பின்னேரம் தனியாக நின்று வகுப்பைக் கூட்டி, கழுவி, அடுக்கினேன். யன்னல் கட்டில் ஒரு மாஜரீன் பெட்டி இருந்தது. உள்ளே கொஞ்சம் ஈர்க்குத் துண்டு, நாலைந்து யோகட் கரண்டி, அறுந்த செருப்பு வார் ஒன்று. யார் பார்த்தாலும் குப்பை என்றுதான் சொல்வார்கள். குப்பையோடு போய்விட்டது. அடுத்த நாள் காலையில் நாலரை வயதுப் பையன் ஒருவன் யன்னல் கட்டைப் பார்த்தான், கீழே குனிந்து பார்த்தான், பிறகு என்னிடம் வந்து, "டீச்சர், என்ட தோணி எங்க?" என்றான். அவனுடைய அப்பா வாவியில் மீன் பிடிப்பவர். ஈர்க்கு தாங்குகம்பு, கரண்டி துடுப்பு, செருப்பு வார் தோணியைக் கட்டும் கயிறு. தோணி இன்னும் கட்டப்படவில்லை, அவ்வளவுதான். அவன் அழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு கிழமை, வகுப்பில் எதைச் செய்தாலும் வீட்டுக்குப் போகும்போது சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான், பசை காயாத கடதாசியைக்கூட. பார்வையிட வந்தவர்கள் பத்து நிமிடம் நின்று பதிவேட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் கணக்கு தச்சுப் பட்டறையின் கணக்கு. பட்டறையில் பின்னேரம் வேலை முடிந்ததும் உதவிக்கு நிற்கும் பையன் என்ன செய்வான்? உளியைத் தீட்டி வைப்பான். சீவலைக் கூட்டுவான். ஆணியைத் தகரப் பேணியில் போடுவான். பாதி இழைத்த கதவு மேசையில் கிடந்தால் அதைத் தொடமாட்டான், அது எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தாலும். உங்கள் மகளின் மேசையிலும் இந்த மூன்றும்தான் கலந்து கிடக்கின்றன: ஆயுதம், சரக்கு, வேலை. பென்சில், தூரிகை, கத்தரிக்கோல் ஆயுதம். கடதாசி, மூடி, நூல், சிப்பி சரக்கு. பாதியில் நிற்கும் ஒவ்வொன்றும் வேலை. ஆயுதத்தை நீங்கள் தாராளமாகப் பார்த்துக்கொள்ளலாம். சரக்கை அடுக்கலாம், குறைக்கக்கூடாது. வேலையை இருந்த இடத்திலேயே விட வேண்டும், அல்லது இருந்தபடியே தூக்கி வைக்க வேண்டும்.

எது வேலை, எது சரக்கு என்று எப்படித் தெரியும்? முதல் நாள் எதையும் தொடாமல் அவளுடைய கதிரையில் போய் உட்காருங்கள். நின்று பார்த்தால் தெரியாது, அவளுடைய கண் மட்டத்திலிருந்து பார்க்க வேண்டும். இரண்டு சாமான் தற்செயலாகப் பக்கத்தில் கிடக்கிறதா, அல்லது அவள் பக்கத்தில் வைத்திருக்கிறாளா என்பது அப்போது புரியத் தொடங்கும். ஒரே அளவில் வெட்டிய ஏழெட்டுத் துண்டு ஒரு பக்கமாகக் கிடந்தால் அது வெட்டி மிஞ்சியதல்ல, எதற்கோ வெட்டி வைத்தது. சிவப்பு மூடி மட்டும் தனியாக ஒரு கப்பில் இருந்தால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும். சந்தேகம் வந்தால் வேலை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். போனில் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள், திரும்ப அதே இடத்தில் வைக்க உதவும்.

இனி, நம்முடைய வீடுகளில் பிள்ளைக்கென்று ஒரு மேசை ஒதுக்க முடிவதே பெரிய காரியம். பல வீடுகளில் சாப்பாட்டு மேசைதான் சித்திர மேசை, தையல் மேசை, வீட்டுப்பாட மேசை எல்லாம். அப்படியான வீட்டுக்கு நான் சொல்வது சுளகு. சிரிக்காதீர்கள். கடையில் விற்கும் பிளாஸ்டிக் தட்டத்தைவிட சுளகு அகலம், பாரமில்லை, மூன்று பக்கமும் விளிம்பு இருக்கிறது, அடிப்பக்கத்தால் காற்றுப் போவதால் ஈரக் கடதாசி ஒட்டிக்கொள்ளாது. பாதி முடிந்த வேலையை ஒரு துண்டு மட்டையோடு அப்படியே சுளகுக்கு இழுத்து அலுமாரிக்கு மேலே வைத்துவிடலாம். சாப்பிட்டு முடிந்ததும் இறக்கிக் கொடுக்கலாம். முன்பள்ளியில் எங்களிடம் ஆறு சுளகு இருந்தது. நெல் புடைத்தது ஒரு நாளும் இல்லை.

சரி, ஆயுதத்துக்கு வருவோம். நீங்கள் கொடுக்க நினைக்கும் சந்தோஷம் உண்மையில் இங்கேதான் இருக்கிறது. அடுக்கி வைத்த மேசையைப் பார்த்து ஏழு வயதுப் பிள்ளை பெரிதாக மகிழ்ந்துவிடாது, அது பெரியவர்களின் கண். ஆனால் கலர் பென்சில் பெட்டியைத் திறந்ததும் பன்னிரண்டும் கூராக இருந்தால் அந்தப் பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். உட்கார்ந்து எல்லாவற்றையும் சீவி வையுங்கள். சீவும்போது ஊசி திரும்பத் திரும்ப உடைந்தால் பென்சில் எங்கோ விழுந்து உள்ளே நொறுங்கியிருக்கிறது என்று அர்த்தம், அல்லது கட்டரின் அலகு மழுங்கிவிட்டது. புதுக் கட்டர் ஒன்று வாங்கிப் பார்த்துவிட்டுப் பென்சிலைக் குறை சொல்லுங்கள். கையில் பிடிக்க முடியாத அளவுக்குக் குட்டையான பென்சிலையும் எறிய வேண்டாம். ஒரு பழைய பேனைக் கூட்டுக்குள் செருகினால் இன்னும் ஒரு மாதம் வரும்.

தூரிகைதான் நம்முடைய வீடுகளில் அதிகம் பாழாவது. பிள்ளைகள் தண்ணீர்க் கப்புக்குள்ளேயே விட்டுவிட்டு எழும்பிப் போவார்கள். மயிர் வளைந்துவிடும், தகரப் பட்டைக்குள் தண்ணீர் ஏறிக் கட்டை ஊதும், பட்டை கழன்று ஆடும். காய்ந்து கட்டியான தூரிகையை இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறப்போட்டு, உள்ளங்கையில் மெதுவாகத் தேய்த்துத் தேய்த்துத் தண்ணீர் தெளிவாகும்வரை கழுவுங்கள். விரலால் மயிரைக் கூராக்கி, படுக்க வைத்துக் காயவிடுங்கள். காய்ந்த பிறகு மயிர் மேலே நிற்கும்படி எதிலாவது நிறுத்தி வைக்கலாம். அதற்கு எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் கிணற்றடியில் கிடக்கும் தயிர்ச் சட்டியைப்போல ஒன்று கிடையாது. எருமைத் தயிர் சாப்பிட்டு முடிந்த சட்டியைக் கழுவிக் காயவைத்து, உள்ளே கொஞ்சம் கடற்கரை மணலைப் போட்டால் தூரிகை, பென்சில், கத்தரிக்கோல் எல்லாம் சாயாமல் நிற்கும். மேசை ஆடினாலும் சட்டி கவிழாது. பிளாஸ்டிக் கப்புக்கு அந்தப் பாரம் இல்லை.

கலர் பேனைகளைப் படுக்க வைக்க வேண்டும், நிறுத்தி வைத்தால் மை ஒரு பக்கம் இறங்கிவிடும். ஒவ்வொன்றையும் ஒரு கடதாசியில் கீறிப் பாருங்கள். காய்ந்துபோனவற்றை எறியாமல் வேறாக ஒரு பெட்டியில் போடுங்கள். தண்ணீரில் தோய்த்தால் அவை மங்கலாக இன்னும் கொஞ்ச நாள் நிறம் விடும், சில பிள்ளைகளுக்கு அந்த மங்கல் நிறம்தான் பிடிக்கும். பாஸ்டல்கள் ஒன்றோடொன்று உரசி எல்லாம் மண்ணிறமாகியிருக்கும். பழைய பருத்தித் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தால் உள்ளே இருக்கும் மஞ்சள் மஞ்சளாகவே வரும். இதற்கு ஒரு மணித்தியாலம் போகும். ரேடியோவைப் போட்டுக்கொண்டு செய்யுங்கள். மழுங்கின கத்தரிக்கோலுக்கு அரத்தாளை இரண்டாக மடித்து ஏழெட்டுத் தரம் வெட்டினால் ஓரளவுக்குக் கூராகும்.

இப்போது மழை. தென்னிலங்கையில், கொழும்பில் இருப்பவர்கள் எழுதும் அறிவுரைகளில் இது இருக்காது. கிழக்குக் கரையில் நமக்கு வருடத்து மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரைக்கும் கொட்டித் தீர்க்கிறது. அந்த மாதங்களில் சித்திரக் கொப்பித் தாள் அப்பளம் நமுத்ததுபோல் ஆகிவிடும், போஸ்டர் கலர் போத்தலுக்குள் பூஞ்சணம் பூக்கும், மாப்பசை இரண்டாம் நாளே புளிக்கும், புளித்த பசைக்கு எறும்பு வரும், காய்ந்த பசைக்கு வெள்ளிப்பூச்சி வரும். இவை போதாதென்று சுவரோடு சேர்த்து வைத்த மேசைக்குக் கறையான். நான் பார்த்த அளவில், பிள்ளைகளின் வேலையை அழித்ததில் முதலிடம் குப்பைக்கூடைக்கு இல்லை, ஈரத்துக்கும் கறையானுக்கும்தான். ஆகவே நீங்கள் செய்யப்போகும் உபகாரத்தில் பாதி, மேசையைச் சுவரிலிருந்து ஒரு சாண் இழுத்து வைப்பதுதான். கிழமைக்கு ஒரு தரம் கால்களில் மண் கோடு ஏறுகிறதா என்று பாருங்கள். மேசைக் காலுக்குத் தண்ணீர்ப் பேணி வைக்கும் பழைய வழக்கத்தைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். டெங்கு நுளம்புக்கு அதைவிட வசதியான வீடு கிடைக்காது.

வெள்ளைத் தாளை மேசையில் கட்டாக விடாமல் இறுக்கமான மூடியுள்ள பெட்டியில் வைத்து, வெளியே பத்துப் பன்னிரண்டு தாள் மட்டும் வையுங்கள். வறுத்த அரிசியை ஒரு துணியில் முடிந்து பெட்டிக்குள் போட்டால் ஈரத்தைக் கொஞ்சம் இழுக்கும், மாதம் ஒரு தரம் திரும்ப வறுக்க வேண்டும். நிழலில் உலர்த்திய வேப்பிலையும் பூச்சிக்கு நல்லது. மாப்பசையை ஒரு நாளைக்குக் காணுமளவு மட்டும் காய்ச்சுங்கள். களிமண் வைத்திருந்தால் நேர் எதிர்: அதை ஈரத் துணியால் சுற்றிப் பொலித்தீன் பையில் கட்டி வைக்க வேண்டும். யூன், யூலையில் கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்கும்போது இரண்டு நாளில் கல்லாகிவிடும். கச்சான் காலத்தில் இன்னொன்று: ஈரப் படத்தை முற்றத்து வெயிலில் காயப்போடாதீர்கள். தாள் சுருண்டுவிடும், கலர் பேனை நிறம் வெளுத்துவிடும். விறாந்தை நிழலே போதும், காற்று வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

கடதாசி காயவைப்பது என்றால் எனக்கு ஒரு ஞாபகம் வரும். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தபோது எனக்கு ஒன்பது வயது. விடியும்போது வீட்டில் அரைவாசி ஓடு இல்லை. ஊரில் தென்னை எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. அப்பா முதலில் நெல் மூட்டையைப் பார்த்தார், பிறகு கிணற்றைப் பார்த்தார், பிறகு அயல் வீடுகளுக்குப் போனார். நாலு ஐந்து நாள் கழித்து, சேறு காய்ந்த பிறகு, என்னுடைய சித்திரக் கொப்பியை எங்கேயோ இருந்து எடுத்து வந்தார். தாள் தாளாகப் பிரித்து, உடுப்புக் கொடியில் தொங்கவிட்டு, பறக்காமல் இருக்க ஈர்க்கைப் பிளந்து ஒவ்வொன்றுக்கும் கவ்வக் கொடுத்தார். காய்ந்ததும் அம்மிக்கு அடியில் வைத்து நிமிர்த்தினார். பாதித் தாளில் ஒன்றுமே இல்லை, நிறம் எல்லாம் கரைந்து போயிருந்தது. அந்த வெறும் தாளையும் சேர்த்துத்தான் அவர் காயவைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, "இதுல என்ன இருந்திச்சி எண்டு உனக்குத் தெரியுந்தானே, புள்ள" என்றார்.

திரும்ப உங்கள் மேசைக்கு வருகிறேன். சரக்கை எத்தனை பெட்டியாகப் பிரிப்பது? ஐந்து அல்லது ஆறு. அதற்கு மேல் வேண்டாம். தாய்மார் செய்யும் பெரிய பிழை, மூடியை நிறவாரியாக, நூலை நீளவாரியாக, சிப்பியை அளவுவாரியாகப் பிரித்து இருபது பெட்டி வைப்பது. பார்க்க அழகு, பாவிக்க முடியாது. திரும்ப வைக்கும்போது இருபது முடிவு எடுக்க வேண்டியிருந்தால் ஏழு வயது என்ன, நானும் வைக்கமாட்டேன். கடதாசி ஒன்று, துணியும் நூலும் ஒன்று, கடற்கரைச் சாமான் ஒன்று, மூடி முதலான கட்டிச் சாமான் ஒன்று, ஒட்டுவது ஒன்று. எழுதி ஒட்டுவதற்குப் பதிலாக உள்ளே இருப்பதில் ஒன்றை வெளியே கட்டித் தொங்கவிடுங்கள். சிப்பிப் பெட்டிக்கு ஒரு சிப்பி. பின்னால் வரும் தம்பிக்கும் அது புரியும்.

சரக்குக்கு நம்முடைய கரையில் பஞ்சமே இல்லை என்பதைச் சொல்லாமல் போக முடியவில்லை. கல்லடிக் கடற்கரையில் ஒரு பின்னேரம் நடந்தால் ஒரு மாதத்துக்குக் காணும். சிப்பியையும் சோகியையும் நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து வெயிலில் காயவையுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் நாள் வீடு முழுக்க நாறும், அப்புறம் நீங்களே எறிவீர்கள். மருதமுனைப் பக்கம் கைத்தறி நெய்கிற வீடுகளில் யாராவது தெரிந்தவர் இருந்தால் நூல் மிச்சமும் கரைத் துண்டும் கேட்டு வாங்குங்கள். அந்த நிறங்கள் எந்தக் கடைப் பெட்டிக்குள்ளும் வராது. சிரட்டை, பனங்கொட்டை, கச்சான் கோது, பாளை, எல்லாம் சரக்குத்தான். காசு கொடுத்து வாங்கும் கிட் பெட்டியில் என்ன செய்ய வேண்டும் என்று முன்பே எழுதியிருக்கும். சிரட்டையில் எழுதியிருக்காது.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேசையில் வைக்க வேண்டியதில்லை. 2018இல் அமெரிக்காவில் டொலிடோ பல்கலைக்கழகத்தார் 36 சின்னப் பிள்ளைகளை ஒரு முறை நாலு விளையாட்டுச் சாமானோடும் ஒரு முறை பதினாறு சாமானோடும் விளையாடவிட்டுப் பார்த்தார்கள். நாலு இருந்தபோதுதான் பிள்ளைகள் ஒவ்வொன்றோடும் கூடுதல் நேரம், கூடுதல் விதங்களில் விளையாடினார்கள். அவை இரண்டு வயதையொட்டிய பிள்ளைகள், உங்கள் மகள் பெரியவள். இருந்தாலும் பாதிச் சரக்கை அலுமாரிக்குள் வைத்து இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு தரம் மாற்றிக் கொடுத்தால் பழைய சிப்பியும் புதுச் சிப்பியாகிவிடும், இது என் கண்ணால் கண்டது. உள்ளே வைத்தது உள்ளேதான் இருக்கிறது என்று அவளுக்குக் காட்டிவிடுங்கள். மறைத்து வைத்ததும் எறிந்ததும் பிள்ளைக்கு ஒன்றுதான்.

உயரம் முக்கியம். அவள் நின்று கையை நீட்டினால் எட்டாத எதுவும் அவளுடையது அல்ல, உங்களுடையது. ஒவ்வொரு தரமும் "அம்மா, அதை எடுத்துத் தாங்க" என்று வர வேண்டியிருந்தால் மூன்றாம் தரம் வரமாட்டாள். மரியா மொண்டிசோரி 1907இல் ரோமில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் தன் முதல் பள்ளியைத் தொடங்கியபோது செய்த பெரிய மாற்றங்களில் ஒன்று, மேசை கதிரையைப் பிள்ளையின் அளவுக்குச் சிறிதாக்கித் தட்டுகளைத் தாழ்வாக வைத்ததுதான். அந்த அம்மா 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி வகுப்பு நடத்தியிருக்கிறார். நம்முடைய நேசரிகள் பலவற்றில் அவருடைய பெயர்ப்பலகை மட்டும் வந்து சேர்ந்தது, தட்டு இன்னும் டீச்சரின் தலை உயரத்தில்தான் இருக்கிறது.

மட்டக்களப்புக்காரர் இதற்கு ரோமுக்குப் போக வேண்டிய தேவையும் இல்லை. 1996இல், யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, இந்த நகரத்தில் வண்ணாத்திப்பூச்சிப் பூங்கா தொடங்கியது. இயேசு சபைக் குருவான போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடாவைச் சேர்ந்த போல் ஹோகன் என்ற ஓவியரும் அதைத் தொடங்கினார்கள். தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகக் களிமண் பிசைந்தார்கள், நிறம் தீட்டினார்கள், கதை சொன்னார்கள். கண்ணெதிரே எத்தனையோ இழந்த பிள்ளைகளுக்கு ஒருவர் முதலில் செய்தது, அவர்களுக்கென்று ஓரிடத்தை ஒழுங்காக்கி வைத்ததுதான். உங்கள் விறாந்தை மூலைக்கு இது பெரிய உவமை என்று நினைப்பீர்கள். நான் நினைக்கவில்லை.

முடிந்த படங்களை என்ன செய்வது? எல்லாவற்றையும் வைத்திருக்க முடியாது, வைத்திருக்கவும் வேண்டாம். ஆனால் தெரிவு செய்வது அவளாக இருக்கட்டும். தவணைக்கு ஒரு தரம், வருடத்தில் மூன்று தரம், இருவரும் நிலத்தில் பரப்பி வைத்து அவள் பத்து எடுக்கட்டும், நீங்கள் இரண்டு எடுங்கள். நீங்கள் எடுக்கும் இரண்டும் பெரும்பாலும் அவள் வேண்டாம் என்றதாகத்தான் இருக்கும். பின்பக்கம் திகதியும், அதைப் பற்றி அவள் சொன்ன ஒரு வசனமும் எழுதுங்கள், அவள் சொன்னபடியே. "இது அம்மம்மா, கடலுக்குப் பேசுறா" என்று எழுதியிருந்தால் இருபது வருடம் கழித்து அந்த நீலக் கோடு விளங்கும். எழுதாவிட்டால் நீலக் கோடு மட்டும்தான். மற்றவற்றைப் பின்பக்கம் கீறப் பாவிக்கலாம், புத்தக உறை போடலாம், கட்டாருக்கு அப்பாவுக்கு அனுப்பலாம்.

வைத்திருப்பதைத் தரை மட்டத்தில் வைக்காதீர்கள். 2011 ஜனவரி வெள்ளத்தில் கட்டிலுக்குக் கீழே பெட்டியில் இருந்ததெல்லாம் போன வீடுகள் எனக்குத் தெரியும். அதற்கு முன்பு 2004 டிசம்பர் 26 வேறு கதை. பிள்ளையின் ஒரு படம்கூட மிஞ்சாத தாய்மாரோடு வேலை செய்திருக்கிறேன், அதை இங்கே எழுதப் போவதில்லை. நம் கரையோர வீடுகளில் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, அடையாள அட்டை எல்லாம் ஒரே பையில் போட்டுக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்போமே, அதற்குள் ஒரு பொலித்தீன் கவரில் மூன்று படம் வையுங்கள். பாரம் ஒன்றும் ஏறாது.

அப்பா வருவதைப் பற்றி. அவர் வந்ததும் வீடு அழகாக இருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு, அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்த நினைப்பையும் மகளுக்குச் செய்யும் நன்மையையும் ஒன்றாகக் குழைக்காதீர்கள். இரண்டும் வேறு வேலை. விருந்தாளி கண்ணுக்கு என்றால் மேசைக்கு முன்னால் ஒரு கயிறு கட்டிப் பழைய சாரித் துண்டைத் திரையாகப் போடுங்கள், ஐந்து நிமிட வேலை, பிரச்சினை தீர்ந்தது. திரையை அவளே இழுத்து மூடட்டும், பிள்ளைகளுக்குத் திரை என்றால் கூத்து மேடை மாதிரி, கட்டாயம் விளையாடுவாள். இன்னொன்றையும் கேட்காமலே சொல்லிவிடுகிறேன்: ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது, இந்த மேசையைப் படிக்கும் மேசையாக மாற்றுவோம் என்று யாராவது உறவினர் சொல்வார்கள். அவளுக்கு அது இன்னும் மூன்று வருடம். படிக்க வேறு மேசை தேடிக்கொள்ளலாம்.

அவள் அக்கரைப்பற்றுக்குப் போகும் முன்பே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்பது என் எண்ணம். "நீ வாறதுக்குள்ள பென்சில் எல்லாம் சீவி வைக்கட்டா? தொடக்கூடாதது என்னென்ன, காட்டு" என்று. ஆச்சரியம் கெட்டுவிடும் என்று நினைக்க வேண்டாம். சீவின பென்சில் சொல்லி வைத்தாலும் ஆச்சரியம்தான். அவள் காட்டுகிறவற்றில் சிலது உங்களைச் சிரிக்க வைக்கும், காட்டும்போது சிரிக்காதீர்கள். அவள் திரும்பி வந்ததும் கூடவே போய் நின்று "பார், அம்மா எவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்திருக்கிறேன்" என்று சொல்ல வேண்டாம். சொன்னால் அது கடனாகிவிடும், அடுத்த நாள் குப்பை போடும்போது வட்டியோடு கேட்பீர்கள். நீங்கள் குசினியில் இருங்கள். அவளாகக் கண்டுபிடிக்கட்டும். நீங்கள் வைத்த பெட்டியை அவள் வேறு இடத்துக்கு மாற்றினால் மாற்றட்டும், மூடிப் பெட்டிக்குள் சிப்பியைப் போட்டால் போடட்டும். ஒரு கிழமையில் பழையபடி ஆகிவிடும். அது தோல்வி இல்லை, பட்டறையில் வேலை நடக்கிறது. மாதம் ஒரு தரம் உளியைத் தீட்டிக் கொடுத்தால் சரி.

தவறுதலாக எதையாவது கலைத்துவிட்டீர்கள், அவள் வந்து "இத ஆரு தொட்ட?" என்று கத்துகிறாள் என்றால், குப்பை மாதிரி இருந்தது என்று வாதாடாதீர்கள். "நான்தான் தொட்டேன், தெரியாமல் செய்துவிட்டேன், எப்படி இருந்தது என்று காட்டு, திரும்ப வைப்போம்" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அவள் முன்பு இருந்ததைவிட வேறாகத்தான் வைப்பாள்.

கடைசியாகத் தம்பிக்கு மூன்று வயது என்று எழுதியிருந்தீர்கள். அக்காவின் மேசை அடுக்கப்பட்டதும் முதலில் வந்து நிற்பது அவன்தான். அவனுக்கென்று கீழ்த் தட்டில் ஒரு பெட்டி, நாலு பாஸ்டல், ஓரம் மழுங்கின கத்தரிக்கோல் வையுங்கள். தீட்டின கத்தரிக்கோலையும் சின்ன மூடிகளையும் மேல் தட்டுக்கு, அக்காவுக்கு மட்டும் எட்டும் உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். சுவரில் கீறுகிறான் என்றால் அவனுடைய உயரத்துக்கு ஒரு கை அகலக் கரும்பலகைப் பெயின்ற் அடித்து ஒரு சோக்கட்டி கொடுங்கள். சின்னப் பேணி ஒன்றே போதும், மிச்சமும் வரும்.